உதட்டுப் பிளவும் ஊர்ப் பழியும்

மேலுதடு பிளந்து பிறந்த மகவைக் கண்டால், "கிரகணத்தில் தாய் வெளியே வந்தாள், அதனால் நேர்ந்த மூளி" என்பர் சிலர். "முன்வினை" என்பர் வேறு சிலர். பெற்ற வயிறு இருமுறை நோகின்றது.

உண்மையை ஆராய்வோம். கருவின் முகத்தில் மூக்கருகிலும் இருபுறமும் வளரும் பகுதிகள் 4 முதல் 7 வாரங்களுக்குள் ஒன்றுகூடி மேலுதடாகின்றன. அது முற்றுப்பெறாவிடின் பிளவு நிற்கும். கருவுற்றதையே பல தாயர் அறியாத காலம் அது! சில குடும்பங்களில் இது வழிவழி வருவதும் உண்டு. கீழுதட்டுக் குழிகளோடு இப்பிளவு மரபாய் வருவதை வான் டெர் வூட் அம்மையார் 1954இல் விளக்கினார். அதற்குரிய மரபணு 2002இல் கண்டறியப்பட்டது. கிரகணமோ ஊர் முழுவதற்கும் பொது. அன்று கருவுற்றிருந்தார் அனைவர்க்கும் இவ்வாறு பிறக்கவில்லையே!

வினைக் கொள்கை நம்மை நாம் திருத்திக்கொள்ளத் தந்தது. பிறரை இகழத் தந்ததன்று. பிறவியிலேயே கண்ணில்லாத தண்டியடிகள், கம்பு நட்டுக் கயிறு கட்டி, அதனைத் தடவிச் சென்று, திருவாரூர்த் திருக்குளத்து மண்ணை அகற்றினார். அவரை அறுபத்துமூவருள் ஒருவராக வணங்குகின்றோம். அவ்வாறு குவித்த கையால் ஒரு குழந்தையின் உதட்டைச் சுட்டிக் காட்டலாமா?

அறுவை மருத்துவத்தால் சில மாதங்களிலேயே அவ்வுதட்டைச் சேர்க்கலாம். அதற்கு வழிகாட்டுவோம். விழா நாளில் வீட்டுக்குள் மறைந்திருக்கும் அத்தாயையும் சேயையும் சந்நிதிக்கு அழைத்து வருவோம். பழி கூறும் நம் உதடுகளை மூடுவதே முதல் தொண்டு.

திருச்சிற்றம்பலம்.