திரை காட்டுவதும் கண் காண்பதும்



இன்று நாம் எடுத்துக்கொண்ட பொருள் சிறியது: இரவு வானத்தைப் பார்த்துவிட்டுக் குறிப்பேட்டில் எழுதும் நான்கைந்து வரிகள். ஸ்டெல்லேரியம் போன்ற கட்டணமில்லா மென்பொருளில் நாள், நேரம், இடம் ஆகிய மூன்றையும் கொடுத்தால், நம் தலைக்கு மேலுள்ள வானம் நொடியில் திரையில் விரிகிறது. மேகமும் நகர ஒளியும் மறைக்கும் விண்மீன்களையும் அது பெயரோடு காட்டுகிறது. அவ்வாறாயின், நாம் ஏன் கண்ணால் பார்த்துக் கையால் எழுத வேண்டும்?

இவ்வினாவுக்கு ஒரு விண்மீனே விடை தந்தது. ஓரியன் மண்டலத்தின் ஒரு தோளில் செந்நிறமாக ஒளிரும் பீட்டல்ஜூஸை நாம் திருவாதிரை என்கிறோம். பழந்தமிழர் ஆதிரை என்றனர். அதன் ஒளியளவெண் வழக்கமாக 0.5ஐ ஒட்டியிருக்கும். எண் கூடக்கூட ஒளி குறையும் என்பது இவ்வளவையின் முறை. 2019ஆம் ஆண்டின் இறுதியில் மங்கத் தொடங்கிய ஆதிரை, 2020 பிப்ரவரியில் ஏறத்தாழ 1.6ஐ எட்டியது. மறுதோளிலுள்ள பெல்லாட்ரிக்ஸும் அதுவும் அப்போது ஏறத்தாழ ஒரே ஒளியுடன் தோன்றின. வானியல் மென்பொருள்கள் பொதுவாகத் தம் பட்டியலில் பதிந்துள்ள ஒளியளவையே காட்டுபவை; இத்தகைய எதிர்பாராத மாற்றத்தை அவை தாமாக அறிய இயலாது. நிமிர்ந்து பார்த்து எழுதியவர்களே அதனை அறிந்தனர். அவர்களுள் தொழில்முறை வானியலாளரும் இருந்தனர். வெறுங்கண்ணால் நோக்கிய ஆர்வலரும் இருந்தனர். விண்மீன் உமிழ்ந்த வளிமம் குளிர்ந்து தூசாகி அதன் ஒளியை மறைத்தது என்று 2021இல் வெளியான ஆய்வு விளக்கியது.

குறிப்பின் பயன் எழுதியவர் காலத்தோடு முடிவதில்லை. கலிலியோ 1612 டிசம்பரிலும் 1613 ஜனவரியிலும் வியாழனை வரைந்தபோது, அருகில் கண்ட ஓர் ஒளிப்புள்ளியையும் குறித்து வைத்தார். அதனை அவர் விண்மீன் என்றே கருதினார். நெப்டியூன் கோள் 1846இல்தான் கண்டறியப்பட்டது. கலிலியோவின் அப்புள்ளி நெப்டியூனே என்பதை 1980இல் ஆய்வாளர்கள் எடுத்துக்காட்டினர். இன்று மென்பொருளில் அந்த நாளைக் கொடுத்தால், வியாழனுக்கு அருகில் நெப்டியூன் நிற்பதை நாமே காணலாம். அவருடைய கருத்து பொருந்தவில்லை. ஆயினும் அவர் கண்டதைக் கண்டவாறே வரைந்ததால் அப்பதிவு நிலைத்தது.

ஆகவே மென்பொருளுக்கு உரிய இடத்தை வகுத்துக்கொள்வோம். நோக்குவதற்கு முன், எது எப்போது எத்திசையில் எழும் என்று அறிய அதனைப் பயன்படுத்தலாம். நோக்கும்போது திரையை மூடிவிட வேண்டும். இருளுக்குக் கண் பழக இருபது, முப்பது நிமிடம் ஆகும். திரையைத் திறந்தே ஆகவேண்டுமெனில் சிவப்பு நிற இரவு முறையை இயக்கலாம். எழுதி முடித்தபின் ஒப்பிட்டுப் பார்க்கலாம். ஒப்பிட்டு அறிந்ததை முதற்குறிப்பை அழித்து எழுதாமல், அதன் கீழே தனியாக எழுத வேண்டும்.

குறிப்பில் நாள், நேரம், இடம், கருவி, நிலவின் நிலை, வானத்தின் தெளிவு ஆகியன இருத்தல் வேண்டும். சிங்கப்பூரில் இரவு 9 மணி என்பது உலகப் பொது நேரத்தில் பிற்பகல் 1 மணி. எந்த நேரத்தைக் குறித்தோம் என்பதையும் எழுதிவிட்டால் பிற நாட்டவரும் அதனைப் பயன்படுத்தலாம். பிப்ரவரி நடுவில் அந்நேரத்தில் ஆதிரை இங்கே ஏறத்தாழ உச்சியில் நிற்கும். அப்போது மாணவர் இவ்வாறு எழுதலாம்: “மெல்லிய மேகம். நிலவு இல்லை. ஆதிரை, பெல்லாட்ரிக்ஸைவிட ஒளிமிக்கது. உரோகிணியைவிடச் சற்றே கூடுதல். நிறம் செம்மஞ்சள்.” இம்மூன்று விண்மீன்களும் நகர ஒளியிலும் தெரிபவை. மேகம் மூடிய இரவில் “காண இயலவில்லை” என்று எழுதுவதும் நேர்மையான பதிவே.

இதில் மொழிக்கும் பங்குண்டு. மங்கல், மினுக்கம், செம்மை, வெண்மை எனத் தமிழில் நிறத்துக்கும் ஒளிக்கும் சொற்கள் உள்ளன. “ஒளி குறைவு” என்பதற்கும் “பெல்லாட்ரிக்ஸுக்கு இணை” என்பதற்கும் உள்ள வேறுபாட்டை ஒரு மாணவர் உணர்ந்து எழுதும்போது, பிறர் சரிபார்க்கத்தக்க தமிழ் உரைநடை உருவாகிறது. கலைச்சொற்களும் அத்தகைய புழக்கத்தில்தான் வேரூன்றும்.

ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். ஒரே இரவில் ஒரே விண்மீனை மாணவர்கள் தனித்தனியே நோக்கி எழுதட்டும். மறுநாள் குறிப்புகள் வேறுபட்டால், திரையைக் காட்டித் திருத்திவிட வேண்டா. ஏன் வேறுபட்டன என்று வகுப்பில் பேசுவோம். தான் கண்டதைத் துணிந்து எழுதும் பழக்கம் அப்பேச்சில் வளரும்.