டிரம்முக்கு ஒரு மூடி

(குளுவாங் மாவட்டத் தோட்டத் தொழிலாளர்களிடையே தகவல் அதிகாரி ஒருவர் ஆற்றிய உரை)



நம் ஊருக்குக் குளுவாங் என்னும் பெயர் வந்த வரலாற்றை நீங்கள் கேட்டிருப்பீர்கள். மலாய்மொழியில் கெளுவாங் என வழங்கும் பழந்தின்னி வௌவால்கள் ஒரு காலத்தில் இவ்வட்டாரத்தில் மிகுந்திருந்தன. அவற்றின் பெயரே ஊர்ப்பெயராயிற்று என்பர். ஆனால் அந்த வௌவால் பழத்தையும் பூந்தேனையும் உண்ணுமே அன்றிக் கொசுவைத் தின்னாது. ஆகவே, கொசுவை ஒழிக்கும் பொறுப்பை வௌவாலிடம் விட்டுவிட இயலாது. அது நம்முடைய பொறுப்பே. அதுபற்றியே இன்று உங்களோடு சிறிது நேரம் உரையாட விரும்புகிறேன்.

நோய்களின் பெயரை அடுக்கி உங்களை அச்சுறுத்துவது என் நோக்கமன்று. நம்மவர்கள் ஓய்வு நேரத்தில் பேசிச் சிரிக்கும் பேச்சிலிருந்தே தொடங்குகிறேன்.

மூவர் பேசிய பேச்சு

ஒரு காட்சியைக் கற்பனை செய்து பாருங்கள். குளுவாங் ரயில் நிலையத்தில் 1938ஆம் ஆண்டில் தொடங்கிய காப்பிக்கடை நாடெங்கும் புகழ் பெற்றது. அந்தக் காப்பியின் மணத்தில், காயா தடவிய வாட்டிய ரொட்டியோடு மூன்று நண்பர்கள் அமர்ந்திருக்கிறார்கள். ஒருவர் ஓய்வு பெற்ற பால்வெட்டுத் தொழிலாளி. மற்றவர் தோட்டத்து லாரி ஓட்டுநர். மூன்றாமவர் ஆயாக் கொட்டகையில் பல்லாண்டு பிள்ளைகளைப் பார்த்துக்கொண்ட அம்மையார். அவரை இருவரும் அக்கா என்றே அழைப்பர்.

"அந்தக் காலம் போல வருமா, அக்கா?" என்று பெருமூச்சு விடுகிறார் பால்வெட்டாளர். "தகவல் இலாகாவின் வண்டி திடலுக்கு வந்து படம் காட்டுமே! பாயை விரித்து அமர்ந்தால், படம் முடியும் வரையில் கைதட்டல் ஓயாது."

"அது கைதட்டல் அன்று, தம்பி; எல்லாரும் கொசு அடித்த ஓசை" என்கிறார் அக்கா.

நானும் அதே இலாகாவைச் சேர்ந்தவனாகையால், இதைக் கேட்டுச் சிரிப்பதா வருந்துவதா என்று எனக்குத் தெரியவில்லை!

பால்வெட்டாளர் விடுவதாக இல்லை. "லயம் முழுவதற்கும் ஒரே குழாய். தண்ணீர் வரும் நேரத்தில் டிரம்மை நிரப்பி வைப்போம். அதில் புழு நெளிந்தால் துணியால் வடிகட்டிக் குடிப்போம். எங்களுக்கு என்ன ஆகிவிட்டது?"

"உனக்கு ஒன்றும் ஆகவில்லை. உன்னைக் கண்ட புழுவுக்குத்தான் காய்ச்சல் வந்திருக்கும்."

ஓட்டுநர் சிரிக்கிறார். அக்கா அவர் பக்கம் திரும்புகிறார். "நீ என்ன சிரிக்கிறாய்? உன் வீட்டுப் பின்புறம் நான்கு பழைய டயர்கள் கிடக்கின்றனவே, அவை எதற்கு?"

"தேவைப்படும், அக்கா."

"எதற்குத் தேவைப்படும்?"

"நாளைக்கு நானே ஒரு லாரி வாங்கினால் மாட்டிக்கொள்ளலாமே!"

அடுத்து, காய்ச்சல் பற்றிய பேச்சு வருகிறது. சென்ற மாதம் தமக்கு உடம்பெல்லாம் வலித்ததாம். வீட்டார் டிங்கி என்று அஞ்சிப் பப்பாளி இலைச்சாறும் நண்டு ரசமும் மாறி மாறிக் கொடுத்தனராம். பிறகுதான், முதல் நாள் கோயில் திருவிழாவுக்குப் பந்தற்கால் சுமந்தது நினைவுக்கு வந்ததாம். ஓட்டுநர் இதைச் சொல்லி முடிப்பதற்குள் மூவரும் சிரித்துவிடுகின்றனர்.

நேயர்களே, இந்தச் சிரிப்பில் தவறொன்றும் இல்லை. ஆனால் அவர்கள் பேச்சில் வந்த டிரம்மையும் டயரையும் காய்ச்சலையும் ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தல் நமக்கு நன்மை தரும்.

வெளியே இருந்த பகை வீட்டுக்குள் வந்தது

நம் முன்னோரை வாட்டிய கொடுநோய் மலேரியா. அதனைப் பரப்புவது கொசுவே என்பதை 1897ஆம் ஆண்டில் இந்தியாவின் செகந்திராபாத்தில் ரொனால்ட் ராஸ் கண்டறிந்தார். 1901ஆம் ஆண்டில் கிள்ளானில் பணியேற்ற டாக்டர் மால்கம் வாட்சன், சதுப்பு நீரை வடித்தும் புதர்களை அழித்தும் அந்நோயைக் கட்டுப்படுத்திக் காட்டினார். பின்னர்த் தோட்டங்களிலும் கால்வாய் வெட்டுதலும், ஓடைகளில் எண்ணெய் தெளித்தலும் நடைபெற்றன. அந்தக் கால்வாய்களை வெட்டியவர்கள் வேறு யாருமல்லர்; உங்கள் பாட்டன்மாரைப் போன்ற தொழிலாளர்களே. அந்த நீண்ட உழைப்பின் பயனாக, 2018ஆம் ஆண்டில் மனிதரிடமிருந்து மனிதருக்குக் கொசுவால் பரவும் மலேரியா இந்நாட்டில் உள்நாட்டுத் தொற்றாக ஒன்றுகூடப் பதிவாகவில்லை. குரங்குகளிடமிருந்து பரவும் மலேரியா மட்டுமே காட்டோரங்களில் இன்னும் தொல்லை தருகிறது.

டிங்கியைப் பரப்பும் ஏடிஸ் கொசுவின் இயல்பு வேறு. அது சதுப்பையும் ஓடையையும் நாடுவதில்லை. நாம் பிடித்து வைக்கும் தெளிந்த நீரையே விரும்புகிறது. மலேரியாக் கொசு தோட்டத்து ஓடையில் வளர்ந்தது. ஏடிஸ் நம் குளியலறையில் வளர்கிறது. ஓடைக்கு எண்ணெய் தெளிக்க நிர்வாகம் ஆள் அனுப்பலாம். நம் வீட்டுப் பூச்சாடிக்குள் யாரை அனுப்புவது?

இரத்தப்போக்குடன் கூடிய கொடிய டிங்கி நம் நாட்டில் முதன்முதலாக 1962ஆம் ஆண்டில் பினாங்கில் அறியப்பட்டது. 1973ஆம் ஆண்டில் பெருமளவில் பரவியது. நோய் பரப்பும் பூச்சிகளை ஒழிப்பதற்கான சட்டம் 1975ஆம் ஆண்டில் இயற்றப்பட்டது. எனினும், 2019ஆம் ஆண்டில் மட்டும் 130,101 பேருக்கு டிங்கி கண்டது; 182 பேர் மாண்டனர். சட்டம் மட்டும் கொசுவை ஒழித்துவிடாது என்பதற்கு இவ்வெண்களே சான்று.

வீட்டுப் பழக்கங்கள்

நீரைச் சேமித்து வைத்தது நம் பெற்றோரின் குற்றமன்று. குழாயில் நீர் வரும் நேரம் குறைவாயிருந்த காலத்தில் அது அறிவுடைமையே. இன்றும் நீர் தடைபடும் நாள்கள் உண்டு. ஆகவே, டிரம்மை எறிந்துவிடுங்கள் என்று நான் சொல்லவில்லை. அதற்கு இறுக்கமான மூடி ஒன்று வேண்டும் என்றே சொல்கிறேன்.

ஏடிஸ் கொசு தன் முட்டைகளை நீர்மட்டத்துக்குச் சற்று மேலே பாத்திரத்தின் உட்சுவரில் ஒட்டி வைக்கும். நீரைக் கொட்டிவிட்டாலும் முட்டை அழியாது. உலர்ந்த நிலையில் பல மாதங்கள் உயிரோடிருக்கும். மீண்டும் நீர் பட்டவுடன் பொரியும். முட்டை பொரிந்து, புழுவாகிக் கூட்டுப்புழுவாகிக் கொசுவாகிப் பறக்க ஏறக்குறைய 7 முதல் 10 நாள்களே ஆகும். எனவே, வாரம் ஒருமுறை நீரைக் கொட்டுவதோடு நில்லாமல், உட்புறத்தைத் தேய்த்துக் கழுவுதல் இன்றியமையாதது.

சாமி மேடையில் உள்ள செம்பு, பூச்சாடி, குளிர்பதனப் பெட்டியின் பின்புறத் தட்டு, எறும்பு ஏறாதிருக்க அலமாரிக் கால்களுக்கு அடியில் வைக்கும் கிண்ணம், தேங்காய்ச் சிரட்டை, நம் ஓட்டுநர் நண்பரின் நான்கு டயர்கள் ஆகிய யாவும் ஏடிசுக்கு மாளிகைகளே.

பால்மரக் காட்டையும் மறத்தல் ஆகாது. ஏடிஸ் கொசுவில் ஓரினம் வெளியே, மர நிழலில் வாழ்வது. மழையால் வெட்டு நின்ற நாள்களிலும், மரங்களுக்கு ஓய்வு தரும் காலத்திலும் மங்குகளில் மழைநீர் தேங்கும். அவற்றைக் கவிழ்த்து வைக்காவிட்டால், ஒவ்வொரு மரமும் ஒரு கொசுப் பண்ணையாகும். இக்கொசு கடிப்பது பெரும்பாலும் காலைப்பொழுதிலும் மாலைப்பொழுதிலும். காலைப்பொழுது நீங்கள் நிரையில் நிற்கும் நேரமன்றோ? ஆதலால், முழுக்கைச் சட்டை அணிந்து செல்லுதல் நலம்.

காய்ச்சல் தணிந்த நாளே கவனிக்க வேண்டிய நாள்

அன்பர்களே, நான் இங்கு வந்ததன் முதன்மையான காரணத்தை இப்போது கூறுகிறேன்.

டிங்கி திடீரெனக் கடுங்காய்ச்சலாகத் தொடங்கும். தலையும், கண்ணுக்குப் பின்புறமும், மூட்டுகளும் வலிக்கும். மூன்றாம் நாள் முதல் ஏழாம் நாளுக்குள் காய்ச்சல் தணியும். "காய்ச்சல் விட்டது, நாளைக்குப் பெரட்டுக்குப் போகலாம்" என்று தொழிலாளி எண்ணுகிறார். ஒரு நாள் வேலை போனால் ஒரு நாள் கூலி போகும் என்னும் கவலை அவருக்கு. ஆனால் சிலருக்கு உண்மையான ஆபத்து அப்போதுதான் தொடங்குகிறது. இரத்தக் குழாய்களிலிருந்து நீர்ப்பகுதி கசிந்து, உடல் உள்ளுக்குள்ளேயே வற்றத் தொடங்கும். அந்த 24 முதல் 48 மணி நேரமே உயிரைக் காக்கும் நேரம்.

கடும் வயிற்றுவலி, ஓயாத வாந்தி, ஈறிலோ மூக்கிலோ இரத்தக் கசிவு, மிகுந்த சோர்வு அல்லது அமைதியின்மை, கைகால் குளிர்தல் ஆகியவற்றுள் ஒன்று தோன்றினாலும் உடனே மருத்துவமனைக்குச் செல்லுங்கள். காய்ச்சலுக்குப் பாரசிட்டமால் மட்டுமே உகந்தது, அதுவும் அளவோடு. ஆஸ்பிரின், இபுபுரூபன் போன்றவை இரத்தப்போக்கை மிகுவிக்கும், அவற்றைத் தொடாதீர்கள். பப்பாளி இலைச்சாற்றையும் நண்டு ரசத்தையும் அன்போடு கொடுக்கும் கைகளை நான் குறை கூறவில்லை. அவை இரத்தப் பரிசோதனைக்கு ஈடாகா என்பதை மட்டும் நினைவில் வையுங்கள்.

கூலி போய்விடும் என்னும் அச்சத்துக்கும் ஒரு விடை உண்டு. 1955ஆம் ஆண்டு வேலைச் சட்டத்தின்படி, பணிக்காலத்துக்கு ஏற்ப ஆண்டுக்கு 14, 18 அல்லது 22 நாள்கள் ஊதியத்தோடு மருத்துவ விடுப்புப் பெறலாம். மருத்துவமனையில் தங்க நேர்ந்தால், 60 நாள் வரை அதற்கெனத் தனி விடுப்பும் உண்டு. மருத்துவரின் சான்றிதழைப் பெற்று, 48 மணி நேரத்திற்குள் நிர்வாகத்துக்குத் தெரிவிக்க வேண்டும். இது எவரும் இரங்கிக் கொடுக்கும் சலுகையன்று, உங்கள் உரிமை.

தோழர்களே! வாரத்தில் 10 நிமிடம் போதும். ஞாயிற்றுக்கிழமை காலையில் காப்பி குடிப்பதற்கு முன், பிள்ளைகளையும் அழைத்துக்கொண்டு வீட்டை ஒருமுறை சுற்றி வாருங்கள். கவிழ்க்க வேண்டியதைக் கவிழுங்கள். தேய்க்க வேண்டியதைத் தேயுங்கள். மூட வேண்டியதை மூடுங்கள். பிறகு நண்பர்களோடு அமர்ந்து, பழைய லயத்தையும், ஒற்றைக் குழாயையும், திடலில் பார்த்த படத்தையும் பற்றி மனம் போல் பேசிச் சிரியுங்கள். அந்தக் கதைகளைக் கேட்க உங்கள் பேரப்பிள்ளைகள் நலமாக அருகில் இருக்க வேண்டும்.