மருத்துவம் தர்மமல்ல, உரிமை!

(சேத்தியாத்தோப்பில் நடைபெற்ற கூட்டத்தில் ஆற்றிய உரையின் சுருக்கம்)



ஜும்ஆ முடிந்து வெளியே வருகிறோம். ஆஸ்பத்திரிச் சீட்டைக் கையில் பிடித்தபடி ஒருவர் வாசலில் நிற்கிறார். ஐம்பதோ நூறோ கொடுத்துவிட்டுக் கடை திறக்கப் போய்விடுகிறோம். கொடுப்பது நல்லது, கொடுங்கள். ஆனால் அவர் ஏன் அங்கே வந்து நிற்க நேர்ந்தது என்று என்றைக்காவது கேட்டிருக்கிறோமா?

பணம் கட்ட முடியவில்லை என்பதற்காக எவருக்கும் சிகிச்சை மறுக்கப்படக் கூடாது என்று ஜோசப் போர் தலைமையிலான கமிட்டி 1946-லேயே சொன்னது. பிரிட்டனில் தேசிய சுகாதாரச் சேவை தொடங்கியதே 1948 ஜூலை 5-ல்தான். அவர்கள் செய்து காட்டினார்கள். நம் கமிட்டி சொன்னதில் பெரும்பகுதி ஏட்டோடு நின்றது.

தமிழகம் ஓரளவு முந்தியிருக்கிறது. 1994-ல் அமைந்த தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம், மருந்துகளை மொத்தமாக வாங்கி அரசு மருத்துவமனைகளுக்கு அனுப்புகிறது. மொத்தக் கொள்முதலின் லாபம் என்னவென்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை! 2012 முதல் முதலமைச்சரின் காப்பீட்டு அட்டையும் இருக்கிறது. ஆனால் அது பெரும்பாலும் ஆஸ்பத்திரியில் படுத்துச் செய்துகொள்ளும் சிகிச்சைக்குத்தான். மாதாமாதம் வாங்கும் சர்க்கரை மாத்திரைக்கு அட்டை உதவாது. அரசு மருத்துவமனைதான் அதை இலவசமாகத் தருகிறது.

"அங்கே கூட்டம், கவனிப்பு இல்லை" என்கிறீர்கள். உண்மைதான். ஆனால் கேள்வி கேட்கத் தெரிந்தவர்கள் எல்லாரும் தனியாருக்குப் போய்விட்டால், அங்கே கேட்பது யார்?

கேட்டால் கிடைக்கும் என்பதற்குச் சிதம்பரமே சாட்சி. அண்ணாமலைப் பல்கலைக்கழக நிர்வாகத்தை 2013-ல் அரசு ஏற்றது. ஆனால் ராஜா முத்தையா மருத்துவக் கல்லூரியில் கட்டணம் மட்டும் லட்சக்கணக்கில் நீடித்தது. மாணவர்கள் வாரக்கணக்கில் போராடினார்கள். 2021-ல் அது சுகாதாரத் துறையின் கீழ் வந்து, கடலூர் மாவட்ட அரசு மருத்துவக் கல்லூரியானது, கட்டணமும் குறைந்தது.

இளைஞர்களே! தெருவுக்கு இருவர் முன்வாருங்கள். அட்டை இல்லாத வீடுகளுக்கு வருமானச் சான்று வாங்கிக் கொடுத்து, பதிவு செய்து வையுங்கள். நோயாளியோடு துணைக்குப் போங்கள். டாக்டர் பணியிடம் எத்தனை காலி என்று 2005-ம் ஆண்டு தகவல் உரிமைச் சட்டத்தில் மனுப் போடுங்கள்.

வியாபாரிகளே! அடுத்த ஜும்ஆவில் அந்தச் சீட்டு உங்கள் முன் நீளும்போது காசோடு ஒரு கேள்வியும் கொடுங்கள்: "காப்பீட்டு அட்டை இருக்கிறதா பாய்?"

இல்லை என்றால், அவரோடு நடக்க ஓர் இளைஞனை அனுப்புங்கள்.