படுத்த நாளுக்குக் கூலி உண்டா?

(தியாகராய நகர் தொழிலாளர் கூட்டத்தில் பேசியது)



தி.நகர் கடைகளில் நாள் முழுதும் நின்று துணி மடிப்பவர்களும், மைலாப்பூர், அடையாறு வீடுகளில் பாத்திரம் தேய்க்கும் நம் சகோதரிகளும் ஒரே ஊரில்தான் வாழ்கிறார்கள். காய்ச்சலில் படுத்தால் இருவர் நிலையும் ஒன்றல்ல.

மில்லானாலும் கடையானாலும், 10 பேருக்குக் குறையாமல் வேலை செய்தால், 21,000 ரூபாய் வரை சம்பளம் வாங்குவோருக்கு இ.எஸ்.ஐ. உண்டு. 1948ல் சட்டமாகி, 1952ல் கான்பூரிலும் டில்லியிலும் தொடங்கியது இது. 12,000 ரூபாய் சம்பளத்தில் நம்மிடம் பிடிப்பது 90 ரூபாய். முதலாளி கட்ட வேண்டியது 390 ரூபாய். கே.கே. நகர் இ.எஸ்.ஐ. ஆஸ்பத்திரியில் குடும்பத்துக்கே வைத்தியம் கிடைக்கும். அதோடு, டாக்டர் சர்ட்டிபிகேட்டின் பேரில் 70 சதவீதக் கூலியும் உண்டு, வருஷத்தில் 91 நாள் வரை! சந்தா ஒழுங்காகக் கட்டியிருந்தால்தான் இது கைக்கு வரும். பிடித்த பணம் போய்ச் சேர்ந்ததா? இன்ஷ்யூரன்ஸ் நம்பரைக் கேட்டு வாங்கிப் பாருங்கள்.

முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டம் வேறு. 2009ல் கலைஞர் பெயரில் வந்தது. 2012ல் புதிய உருவம் பெற்றது. ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் உள்ள குடும்பத்துக்குச் சர்க்காரே பிரீமியம் கட்டுகிறது. பட்டியலில் உள்ள சிகிச்சைகளுக்கு வருஷத்தில் 5 லட்சம் ரூபாய் வரை கிடைக்கும். விவசாயத் தொழிலாளிக்கும் வீட்டு வேலை செய்பவருக்கும் பெருந்துணைதான். ஆனால் இழந்த கூலியில் ஒரு காசும் தராது.

கம்பெனிகள் விற்கும் பாலிசியிலோ பிரீமியம் முழுதும் நம் தலையில். வயது ஏற அதுவும் ஏறும். ஏற்கெனவே உள்ள நோய்க்கு 3 வருஷம் வரை காத்திருக்கச் சொல்லலாம். 2025 செப்டம்பரில் ஜி.எஸ்.டி. நீங்கியது, பிரீமியம் நீங்கவில்லை!

மில் தொழிலாளி போராடிப் பெற்ற நோய்க்காலக் கூலி, நாற்று நடுகிறவருக்கும் வீடு பெருக்குகிறவருக்கும் வேண்டும் என்கிறோம். சந்தாவை யார் கட்டுவது என்று கேட்கிறார்கள். சர்க்கார் கட்டட்டும்!