பழுதான கணினிக்குள் பத்திரமாய் இருப்பவை

(நூற்றாண்டு விழாவையொட்டிய ஒன்றுகூடலில் மலர்க் குழுவின் சார்பில் ஆற்றப்பட்ட உரை)



நூற்றாண்டு மலருக்காகப் பழைய படங்களும் கடிதங்களும் கேட்டு நாம் எல்லோருக்கும் எழுதினோம். பல நாடுகளிலிருந்து ஒரே மாதிரியான பதில் வந்தது. “எல்லாம் பழைய கொம்பியூட்டருக்குள்ள இருந்தது. அது இப்ப வேலை செய்யுதில்லை.” இல்ல விளையாட்டுப் போட்டிப் படங்கள், ஆசிரியை ஒருவரின் பிரியாவிடை உரை, இல்லாமற்போன அண்ணனின் ஒரே படம், எல்லாமே அந்த இரண்டு வசனங்களுக்குள் அடங்கிப்போயின. அவற்றிற் பலவற்றை இன்னமும் மீட்கலாம் என்று சொல்வதற்கே இந்த நேரத்தைக் கேட்டு வாங்கினோம்.

அலுமாரியின் பூட்டு இறுகிவிட்டால் உள்ளே இருக்கும் சேலை எரிந்துபோவதில்லை. கணினியும் அப்படித்தான். திரை இருண்டு கிடப்பதற்கு மின்வழங்கியோ, தாய்ப்பலகையோ, விண்டோஸ் எனும் பணிசெயல் முறைமையோ காரணமாக இருக்கலாம். கோப்புகள் இருப்பது வன்தட்டில். அது நலமாக இருந்தால் கோப்புகளும் நலமே.

ஆகவே முதலில் செய்ய வேண்டியது, அவசரப்படாமல் இருப்பது. திருத்துமிடத்துக்குக் கொண்டுபோனால் “போர்மற் பண்ணித் தாறம்” என்பார்கள். கோப்புகளை எடுக்கும்வரை அதற்குச் சம்மதிக்க வேண்டாம். வன்தட்டு ‘டிக் டிக்’ என்று சத்தமிட்டால் உடனே நிறுத்திவிடுங்கள். அதை ஒவ்வொரு முறை இயக்கும்போதும் சேதம் கூடலாம். தரவு மீட்பையே தொழிலாகச் செய்பவரிடம் அதைக் கொடுப்பதே நல்லது.

வன்தட்டு நலமாக இருந்தால் இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, அதைக் கழற்றி, யூஎஸ்பி இணைப்புள்ள சிறிய உறையில் இட்டு, வேறொரு கணினியில் பொருத்துவது. மற்றது, உபுண்டு போன்ற இலவச முறைமையை ஒரு பென்ட்ரைவில் ஏற்றி, அதிலிருந்தே பழைய கணினியை இயக்குவது. எதையும் நிறுவாமலே கோப்புகளைப் பார்த்துப் பிரதி எடுக்கலாம்.

வன்தட்டை வேறு கணினியில் பொருத்திய பிறகு பலர் மனமுடையும் இடம் ஒன்றுண்டு. தன் பெயரில் உள்ள கோப்புறையைத் திறந்தால் ‘உங்களுக்கு அனுமதி இல்லை’ என்று வரும். என் படங்களைப் பார்க்க எனக்கே அனுமதி இல்லையா என்று கோபம் வரும். விண்டோஸ் எங்களைப் பெயரால் அறிவதில்லை. ஒவ்வொரு கணக்குக்கும் உள்ளே ஓர் இலக்கம் வைத்திருக்கிறது. புதிய கணினியில் அதே பெயரும் அதே கடவுச்சொல்லும் கொடுத்தாலும் இலக்கம் வேறு. நிர்வாகிக் கணக்கில் நுழைந்து, அந்தக் கோப்புறையின் ‘புரொப்பட்டீஸ்’, ‘செக்கியூரிட்டி’, ‘அட்வான்ஸ்ட்’ என்று போய், ‘ஓனர்’ என்ற இடத்தில் உரிமையாளரை மாற்றி, அனுமதியும் கொடுத்தால் திறக்கும். உங்கள் கோப்புறைக்கு மட்டும் இதைச் செய்யுங்கள். இயங்கிக்கொண்டிருக்கும் கணினியின் முறைமைக் கோப்புறைகளைத் தொட வேண்டாம்.

இன்னொரு பூட்டு இருக்கிறது. அது இப்படித் திறக்காது. புதிய விண்டோஸ் கணினிகள் பலவற்றில் மைக்ரோசொஃப்ட் கணக்கோடு நுழையும்போதே வன்தட்டு முழுவதும் மறைகுறியாக்கப்படுகிறது. உரியவருக்கே அது தெரியாமல் இருக்கலாம். கணினி பழுதாகும் நாளில் 48 இலக்கங்கள் கொண்ட மீட்புத் திறவுகோலைக் கேட்கும். 2024 யூலை 19 அன்று பாதுகாப்பு மென்பொருள் ஒன்றின் பிழையான புதுப்பிப்பால் உலகெங்கும் ஏறத்தாழ 85 இலட்சம் விண்டோஸ் கணினிகள் முடங்கின. கோப்புகள் உள்ளே இருந்தும், பல அலுவலகங்களில் அந்த 48 இலக்கங்களைத் தேடி ஓட வேண்டியதாயிற்று. அது இல்லையென்றால் மைக்ரோசொஃப்ட் நிறுவனத்தாலும் திறக்க முடியாது.

திறவுகோல் பெரும்பாலும் உங்கள் மைக்ரோசொஃப்ட் கணக்கில் இருக்கும். அந்தக் கணக்குக்குள் நுழையத்தான் கைத்தொலைபேசிக்கு ஓர் இரகசிய இலக்கம் வரும். எந்தத் தொலைபேசிக்கு? வெளிநாடு போகுமுன் ஊரில் பாவித்த பழைய சிம் இலக்கத்துக்கு என்றால், கதவு அங்கேயே அடைபடும். புலம்பெயர்ந்த சகோதரிகள் இதைக் கட்டாயம் கவனிக்க வேண்டும்.

எந்த வழியும் கைகொடுக்காத நேரமும் உண்டு. அப்போது காப்பது இன்னோர் இடத்தில் இருக்கும் பிரதி மட்டுமே. 1998இல் ‘டோய் ஸ்ரோரி 2’ திரைப்படத்தின் கோப்புகள் ஒரு கட்டளையால் பெருமளவில் அழிந்துபோயின. காப்புப் பிரதிகளும் ஒழுங்காக இயங்கியிருக்கவில்லை. குழந்தை பெற்று வீட்டிலிருந்து வேலை செய்துகொண்டிருந்த கலின் சஸ்மன் என்ற பெண்ணின் வீட்டுக் கணினியில் ஒரு பிரதி இருந்தது. அதைப் போர்வைகளால் சுற்றிக் காரில் கொண்டுவந்தார்கள். படம் பிழைத்தது.

எங்கள் நாட்டில் நடந்ததும் நினைவிருக்கும். 2023இல் அரச மேகக்கணினி மீது நடந்த கப்பத் தாக்குதலில், மே 17 முதல் ஓகஸ்ட் 26 வரையான அரச மின்னஞ்சல்கள் மீளவில்லை. அந்த நாட்களுக்கு, வலையமைப்புக்கு வெளியே வைத்த பிரதி இருக்கவில்லை.

மூன்று பிரதிகள், இரண்டு வகைச் சாதனங்களில், ஒன்று வேறு இடத்தில். துறைசார்ந்தவர்கள் சொல்லும் விதி இவ்வளவே. ஒரு வகுப்பில் இருந்தவர்கள் லண்டனிலும் ரொறன்ரோவிலும் மெல்பேணிலும் வாழும் எங்களுக்கு ‘வேறு இடம்’ ஒரு பிரச்சினையே அல்ல. உங்கள் வன்தட்டின் பிரதி ஒன்றை உங்கள் வகுப்புத் தோழி வைத்திருக்கட்டும், அவருடையதை நீங்கள் வைத்திருங்கள்.

இடம்பெயர்ந்த காலங்களில் எங்கள் தாய்மார் பிறப்புச் சான்றிதழ்களையும் காணி உறுதியையும் ஒரு பையில் போட்டு, நித்திரையிலும் தலைமாட்டில் வைத்திருந்தார்கள். வீட்டில் எல்லோருக்கும் அந்தப் பை எங்கே இருக்கிறது என்று தெரியும். இன்று அந்தப் பைக்குள் இருந்தவை கணினிக்குள் போய்விட்டன. அதன் கடவுச்சொல் பல வீடுகளில் ஒருவருக்கு மட்டுமே தெரியும். அவர் இல்லாமற்போகும் நாளில் கணினி பழுதாகாமலே கோப்புகள் தொலைந்துபோகும்.

எனவே வீட்டுக்குப் போனதும் மீட்புத் திறவுகோலைத் தாளில் எழுதிக் காணி உறுதியோடு வையுங்கள். நம்பிக்கையான ஒருவருக்கு அந்த இடத்தைச் சொல்லுங்கள். எடுத்து வைத்த பிரதி உண்மையிலேயே திறக்கிறதா என்று ஒரு படத்தையாவது திறந்து பாருங்கள்.

பழைய கணினியை எறியவோ பழைய இரும்புக்குக் கொடுக்கவோ வேண்டாம். அடுத்த ஒன்றுகூடலுக்குக் கொண்டுவாருங்கள், சேர்ந்து திறந்து பார்ப்போம். மலர் அச்சுக்குப் போனாலும், உங்கள் படங்களுக்குச் சங்கத்தின் ஆவணத் தொகுப்பில் எப்போதும் இடமுண்டு.