வெள்ளீயச் சேர்வை மருந்துகள்: பயனும் அபாயமும்



தகரப் பேணியின் உட்புறத்தில் மினுங்கும் பூச்சு வெள்ளீயம் என்னும் உலோகமாகும். அதில் அடைத்த உணவை நாம் அச்சமின்றி உண்கின்றோம். ஆனால் அதே வெள்ளீயத்தைக் காபன் கொண்ட கூட்டங்களுடன் இணைத்துவிட்டால் அதன் குணம் முற்றாக மாறிவிடும். இவ்வாறு ஆக்கப்படுவனவே சேதன வெள்ளீயச் சேர்வைகள். இவற்றுள் மூன்று கூட்டங்கள் சேர்ந்தவை கொடிய நஞ்சுகள். உயிர்க்கலங்கள் சத்தியைப் பெறும் வழியையே அவை தடுக்கின்றன.

பென்ரின் அசற்றேற்று, பென்ரின் ஐதரொட்சைட்டு என்பன இவ்வகையின. உருளைக்கிழங்கின் பின் வெளிறல் நோயை அடக்க ஐரோப்பியக் கமக்காரர் இவற்றைத் தெளித்தனர். செம்பு மருந்திலும் மிகக் குறைந்த அளவே இதற்குப் போதியதாயிற்று. சிறிய அளவிலே பங்கசைக் கொல்லும் அவ்வாற்றலே மனிதருக்கும் கேடாயிற்று.

1954 ஆம் ஆண்டு பிரான்சிலே, கொப்புளங்களுக்கென விற்கப்பட்ட ஒரு மருந்தில் மூன்று கூட்ட வெள்ளீயச் சேர்வை மாசாகக் கலந்திருந்தது. அதனை உட்கொண்டோரில் ஏறத்தாழ 100 பேர் மாண்டனர். 1980களில் பிலிப்பைன்சு நெல்வயல்களில் தங்க அப்பிள் நத்தை பெருகியபோது, அங்குள்ள கமக்காரர் பென்ரின் மருந்தைப் பயன்படுத்தினர். வெறுங்காலுடன் சேற்றில் இறங்கியோர் பலருக்குத் தோல் உரிந்தது, நகங்கள் கழன்றன, கண் பார்வை மங்கியது. நத்தையுடன் மீன்களும் மடிந்தன. பின்னர் அந்நாடு அம்மருந்தைத் தடைசெய்தது. ஐரோப்பிய ஒன்றியமும் 2002 இல் பென்ரின் மருந்துகளை விலக்கியது.

நத்தையை நஞ்சின்றியே அடக்கலாம் என்பதை நெல் விளையும் நாடுகள் பல கண்டுள்ளன. நீர் புகும் வாயிலிற் கம்பி வலை இடுக. காலையிலும் மாலையிலும் நத்தைகளைப் பொறுக்கி, இளஞ்சிவப்பு முட்டைத் திரள்களை நசுக்குக. 25 முதல் 30 நாள் வயதுடைய முற்றிய நாற்றை நடுக. நட்ட முதற் கிழமைகளில் நீரை ஆழமின்றி வைத்திருக்க. பயிர் வேரூன்றியபின் தாராக்களை வயலில் விடுக.

எந்த மருந்தாயினும் பின்வருவனவற்றை மறவாதீர்கள்:

1. நம் நாட்டின் 1980 ஆம் ஆண்டு 33 ஆம் இலக்கப் பீடைகொல்லிக் கட்டுப்பாட்டுச் சட்டத்தின்படி, பதிவுபெறாத மருந்தை விற்றலாகாது. சுட்டுத்துண்டு இல்லாத போத்தலை வாங்காதீர்கள்.

2. பெயர் அழிந்த பழைய பேணி வீட்டு மூலையிற் கிடந்தால், அதைத் திறக்கவோ வாய்க்காலில் ஊற்றவோ வேண்டாம். உங்கள் பகுதி விவசாயப் போதனாசிரியருக்கு அறிவியுங்கள்.

3. மருந்து தோலிற் பட்டால், உடையைக் களைந்து சவர்க்காரமிட்டு நிறைந்த நீராற் கழுவுங்கள். கண்ணிற் பட்டால் 15 நிமிடம் ஓடும் நீராற் கழுவி, தாமதியாது வைத்தியசாலைக்குச் செல்லுங்கள். சுட்டுத்துண்டையும் உடன் கொண்டு செல்லுங்கள். சேதன வெள்ளீய நஞ்சுக்குத் தனிப்பட்ட முறிமருந்து கிடையாது. எனவே வருமுன் காத்தலே வழி.

அடுத்த போகத்திலும் அதே வயலில் இறங்க வேண்டியவை உங்கள் கால்களே. விளைச்சலைப் பேணும் அதே கருத்துடன் அவற்றையும் பேணுங்கள்.