இதயம் சொல்லும் கணக்கு
(கூட்டமைப்பின் மாதாந்திரக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



நம்ம குழுக்களைச் சேர்ந்த வீடுகளில் பெண் பிள்ளைகள் 1500 மீட்டர், 3000 மீட்டர் ஓட்டத்துக்குப் பயிற்சி எடுக்கிறார்கள். ஓரமா நின்னு பார்க்கிறவங்க எல்லாரும் "இன்னும் வேகமா ஓடு" என்றுதான் சொல்வார்கள். தினமும் முழு வேகத்தில் ஓடினால் கால்வலியும் சோர்வும்தான் மிச்சம். கடைசியில் "எனக்கு ஓட்டமே வேணாம்மா" என்று பிள்ளை உட்கார்ந்துவிடும். நெடுந்தூர ஓட்டத்துக்கு வாரத்தில் பெரும்பாலான நாள் நிதானமான ஓட்டம்தான் வேண்டும். வேக ஓட்டம் ஒன்றிரண்டு நாள் போதும்.

எது நிதானம் என்று இதயத்துடிப்பு சொல்லும். அதை ஓடும்போதே காட்டும் கருவிதான் ஹார்ட் ரேட் மானிட்டர். பின்லாந்து நாட்டின் போலார் நிறுவனம் 1982-ல் ஒயர் இல்லாத கருவியைக் கொண்டுவந்தது. மார்பில் கட்டும் பட்டை துடிப்பை அறிந்து கைக்கடிகாரத்துக்கு அனுப்பும். பட்டையின் உட்பக்கத்தை ஈரப்படுத்திக் கட்டணும். இப்போது கடிகாரமே பச்சை வெளிச்சம் மூலம் துடிப்பைப் பார்க்கிறது. தளர்வாகக் கட்டினால் தப்பாகக் காட்டும்.

இதுக்காகக் கடன் வாங்க வேண்டியதில்லை சகோதரிகளே! நம்ம விரலே போதும். ஓட்டத்தை நிறுத்திய உடனே, பெருவிரல் பக்கமா மணிக்கட்டில் இரண்டு விரல் வைத்து 10 விநாடி எண்ணுங்கள். அதை 6-ஆல் பெருக்கினால் ஒரு நிமிடத் துடிப்பு. பெருவிரலை வைத்து எண்ணக் கூடாது, அதுக்கே சொந்தத் துடிப்பு உண்டு.

220-லிருந்து வயதைக் கழித்தால் உச்சத் துடிப்பு தோராயமாகத் தெரியும். 17 வயதுப் பிள்ளைக்கு 203. நிதான ஓட்டத்தில் இதில் 60 முதல் 75 சதவீதம் இருக்கலாம். அதாவது 10 விநாடியில் 20 முதல் 25 துடிப்பு. நடைப்பயிற்சி போகும் 40 வயதுச் சகோதரிக்கு 18 முதல் 22. இது ஆளுக்கு ஆள் கொஞ்சம் மாறும். பேசிக்கிட்டே ஓட முடிகிறதா என்றும் பாருங்கள். முடிந்தால் அளவு சரி.

சேமிப்புக் கணக்கு எழுதுகிற மாதிரி இதையும் எழுதுங்கள். காலையில் எழுந்ததும், படுக்கையை விட்டு இறங்கும் முன் எண்ணி நோட்டில் குறிக்கணும். பயிற்சி ஏற ஏற இந்தத் துடிப்பு மெல்லக் குறையும். இதயம் பலப்படுகிறது என்று அர்த்தம். ஒருநாள் வழக்கத்தைவிட 10 கூடினால் தூக்கம் குறைவோ, காய்ச்சலோ, முந்தைய நாள் களைப்போ இருக்கலாம். அன்றைக்கு ஓய்வு கொடுங்கள்.

ஓய்வா இருக்கும்போதே 100-க்கு மேல் துடிக்குது, முகம் வெளுத்திருக்கு, படியேறினால் மூச்சு வாங்குது என்றால் பிள்ளையைச் சோம்பேறி என்று திட்டாதீர்கள். ரத்தசோகையாக இருக்கலாம். ஆரம்ப சுகாதார நிலையத்தில் ரத்தப் பரிசோதனை செய்யுங்கள். நெஞ்சுவலி, மயக்கம் வந்தால் உடனே நிறுத்தி மருத்துவரிடம் போகணும். பிரஷர் மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கு இந்தக் கணக்கு பொருந்தாமல் போகலாம், மருத்துவரைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

ஓடுகிற பிள்ளைக்குக் கைதட்டுவோம். அதோடு தினமும் நாடியும் பார்ப்போம்.